ஒரு சென்ட் குறைகிறது

செம்மொழி கை தூக்கினால் ரெங்கசாமி வாத்தியாருக்குப் பிடிக்காது. ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி அது, அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்குத் தூக்கிவிட்டாள், பிள்ளைகளே.

கரும்பலகையில் வாத்தியார் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஒரு மா நிலம் 33 சென்ட். மூன்று மா ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 100 சென்ட்.

"சார், ஒரு சென்ட் குறையுது."

"எங்க குறையுது?"

"மூணு மாவுக்குத் தொண்ணூத்தொம்பதுதான் சார் வருது."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"பூதலூர் சுத்துவட்டாரம் பூரா மூணு மாதான் ஏக்கர். நீ புதுசா ஒரு சென்ட்டக் கண்டுபிடிச்சிட்டியாக்கும். உங்கப்பனுக்கு ஒரு சென்ட் வயல் இருக்கா?"

ஸ்கேல் உள்ளங்கையில் இரண்டு தரம் விழுந்தது. அடியைவிடக் கேள்விதான் உறைத்தது. அவள் அப்பா சாமிதுரை சம்பா நட்டிருந்தது குத்தகை நிலத்தில்.

சனிக்கிழமை வட்டார அளவில் கணக்குப் போட்டி. பள்ளிக்கு ஒரு பிள்ளைதான். ஆறு மாதமாக அதற்காகவே அவள் பழைய வினாத்தாள்களைத் தேடித்தேடிப் போட்டுப் பார்த்திருந்தாள். வாத்தியாருக்கும் அது தெரியும்.

"மூன்று மா ஒரு ஏக்கர்னு நூறு தடவை எழுதிட்டு வா. அப்பத்தான் போட்டிக்கு உம்பேரு. இல்லன்னா ஜெனிட்டா போவா."

சாயங்காலம் அப்பா காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஊரு சொல்றதத்தானே எழுதச் சொல்றாரு. எழுதிக் குடுத்துட்டுப் போயேன் தாயி. ஒரு சென்ட்தானே."

"நம்ம வீடே ஒரு சென்ட்தாம்ப்பா."

அவர் வீட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் வாத்தியார் சிவப்புப் பேனாவால் வரி வரியாகத் தொட்டு எண்ணினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"தொண்ணூத்தொம்பதுதான் இருக்கு. ஒண்ணு குறையுது."

"ஆமாம் சார்."

வாத்தியார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"போய் உக்காரு."

போட்டிக்கு ஜெனிட்டாதான் போனாள். திங்கட்கிழமை வந்ததும் வினாத்தாளை மடித்துச் செம்மொழியிடம் நீட்டினாள். "ஏழாவது கணக்கு யாருக்குமே வரலடி. நீ போடு பாப்போம்."

மதியம் அவள் அதைப் போட்டுக்கொண்டிருக்கையில் தட்டிக்கு அந்தப்பக்கம் நான்காம் வகுப்புக்கு ரெங்கசாமி வாத்தியார் பாடம் நடத்துவது கேட்டது.

"மூணு மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர்."

பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். செம்மொழி பென்சிலை நிறுத்தினாள். பிறகு ஏழாவது கணக்கின் மிச்சத்தைப் போட்டாள்.