ஒழுகாத வண்டி

அண்ணனின் சவப்பெட்டி கூடத்தில் இருக்க, அவன் ஆள் ஏற்றி ஓட்டிய ஜீப்னியின் அடியில் ருஃபோ மல்லாந்து கிடந்தான். ஊர்வலத்தில் அந்த வண்டிதான் முன்னால் போக வேண்டும். ஆயில் பார்த்து வைக்கலாம் என்று வந்தவன், வண்டிக்கடியில் மண் தாம்பாள அகலத்துக்குக் கறுத்திருப்பதைக் கண்டதும் உள்ளே நுழைந்துவிட்டான். நெஞ்சு துள்ளியது. அது துக்கமில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

ஈலோயிலோ ஊர் ஸ்டாண்டில் அண்ணன் செவெரினோவின் வண்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டதாகச் சரித்திரமில்லை. தம்பி ருஃபோவின் வண்டி நின்ற இடமெல்லாம் கறை. "உன்னைத் தேடவே வேணாம்டா, கறையப் பிடிச்சுக்கிட்டே வந்தாப் போதும்" என்பார்கள் மற்ற டிரைவர்கள். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டான். எல்லார் முன்னாலும் பொறுமையாகப் பாடம் எடுப்பான். "ஆயில் தொட்டி விளிம்பு சமமா இருந்தா காகித பேக்கிங் போதும். கோணலா இருந்தா கார்க் போடு. அதுக்கு மேல டியூப் பசைய அப்பினா வழுக்கிப் பிதுங்கிடும்டா." அந்தப் பொறுமையைப் பார்த்தால்தான் ருஃபோவுக்கு வயிறெரியும். சாவு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு சீட்டாடிய டிரைவர்களும் இதையேதான் பேசினார்கள். செத்த பிறகும் அண்ணனே ஜெயித்துக்கொண்டிருந்தான்.

ருஃபோ டார்ச்சை உயர்த்தினான். ஆயில் தொட்டியின் விளிம்பு நெடுகச் சிவப்புப் பசை பிதுங்கி நின்றது. ருஃபோ தன் வண்டிக்கு அப்புவதைவிடக் கனமாக. அதற்குக் கீழே, கம்பியில் கட்டிய மத்தி மீன் டப்பா ஒன்று எண்ணெய் நிறைந்து தொங்கியது.

"அடப்பாவி!"

பக்கத்தில் கறுப்புச் செருப்புகள் வந்து நின்றன. அண்ணி நெனிதா.

"பாத்துட்டியா தம்பி?"

"எத்தனை நாளா அண்ணி?"

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து. விடியறதுக்குள்ள டப்பாவக் கொட்டி, அடியில கூட்டிட்டுத்தான் காப்பியே குடிப்பாரு. பொணம் வீட்ல இருக்கறப்போ வெளக்குமாறத் தொடக்கூடாதே, அதான் கறை அப்படியே கெடக்குது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஊரே பாத்தாலும் பரவால்ல, ருஃபோ பாத்துடக் கூடாதும்பாரு." கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "ஒழுகற வண்டிய வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறான் பாருன்னு உன்னப் பத்திப் பொருமுவாரு."

ருஃபோ வெளியே வந்தபோது டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் டோதோய் குனிந்து பார்த்தான்.

"என்னடா இது, செவெரினோ வண்டிக்கடியில எண்ணெய்?"

எல்லாரும் திரும்பினார்கள். இந்த நேரத்துக்காக எத்தனை வருஷம் காத்திருந்தான்! ஒரு வார்த்தை போதும், இனி ஒருவனும் அவனைக் கேலி செய்ய மாட்டான். சொல்ல ஆசையாக இருந்தது. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என் வண்டியத்தான் இங்க விட்டிருந்தேன்."

துக்க வீடு என்பதை மறந்து சிரித்தார்கள். "அண்ணன் சாவுலயும் கறையா! அவன் சொன்னதக் கேட்டிருந்தா உருப்பட்டிருப்படா" என்று டோதோய் முதுகில் தட்டினான். ருஃபோவுக்குக் காது சுட்டது.

டப்பா தளும்பாமலிருக்க, ஊர்வலத்தில் அண்ணன் வண்டியை ருஃபோ வழி நெடுக ஊர்ந்தே ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் அதை அண்ணனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தார்கள்.

பெட்டியை இறக்கிப் பூ போட்டு முடிந்ததும், ஆட்கள் கலைந்து போகும்வரை ருஃபோ ஒதுங்கி நின்றான். பிறகு நல்ல சட்டையோடு வண்டிக்கடியில் நுழைந்து, டப்பாவை அவிழ்த்துப் புல்லில் கொட்டினான். திரும்பக் கட்டினான். டப்பா ஒருபக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் கட்டியிருந்தபோது நேராகத்தான் இருந்தது. கம்பியை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தான்.