அரைக்கம்பத்தில் ஒரு காலை

கொடி பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. கொடிக்காரர் கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், அசையவில்லை. சரி, கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவோம் என்று எதிர்ப்பக்கம் இழுத்தார். அதற்கும் மாட்டேன் என்றது. நாடாளுமன்றக் குவிமாடத்தின் உச்சியில், ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நடுவில் தொங்கியது.

காரணம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. நேற்று சாயங்காலம் கொடியை இறக்கியபோது கயிறு ஓரிடத்தில் நைந்திருந்தது. புதுக்கயிறு வர நாளாகும். நைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து, யானையைக் கட்டினாலும் அவிழாத ஒரு முடிச்சுப் போட்டார். 'என் கையே கை' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கும் போனார். அந்த முடிச்சு உச்சியில் இருக்கிற கப்பிக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும் என்பது மட்டும் மனிதரின் மண்டையில் உதிக்கவே இல்லை. இப்போது கப்பியின் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வேறு நாளாக இருந்தால் திட்டோடு போயிருக்கும். ஆனால் இந்தக் கம்பத்தில் முதன்முதலில் கொடியேற்றிய பெரியவர் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எதிரே விரிந்த சதுக்கத்துக்கு அந்தப்பக்கம், உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் தெரிகிற ஆஸ்பத்திரி. இந்தக் கொடி தெரிகிற அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் படுத்திருக்கிறார். வாசலில் கூட்டம் கலையாமல் காத்துக்கிடக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ், கொடிக்காரரின் சொந்த அக்கா.

அதோடு அந்தச் சதுக்கத்தில் ஒரு வழக்கம். துக்கம் என்றால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக உத்தரவு வராது. நாடாளுமன்றக் கொடியைப் பார்த்து மற்றவர்கள் இறக்கிக்கொள்ள வேண்டும். கொடிக்காரர் திரும்பிப் பார்த்தார். கருவூலக் கட்டடத்தின் கொடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, வேண்டாம்யா!" என்று இங்கிருந்து கத்தினார். அவ்வளவு உயரத்திலிருந்து யாருக்குக் கேட்கும்? நீதிமன்றக் கொடி இறங்கியது. அருங்காட்சியகம் இறக்கியது. போர்வீரர் நினைவுத்தூணின் அடியில் நின்றிருந்த காவலர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, குனிந்து நின்றார்கள். செய்யவேண்டியதை எல்லாரும் ஒழுங்காகச் செய்தார்கள்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க? இப்பதான் அவருக்கு வாய் துடைச்சுவிட்டுத் திரும்பறேன், கொடி பாதியில நிக்குது!"

"முடிச்சு மாட்டிக்கிச்சுக்கா."

"நாசமா போச்சு. அவர் பார்த்துட்டார்டா. 'யாரும்மா போயிட்டது?'ன்னு கேட்டார். சட்டுன்னு திரையை இழுத்து விட்டுட்டேன். இப்ப முகமே மாறிப்போய்ப் படுத்திருக்கார். அதிர்ச்சி ஏதும் ஆகக்கூடாதுன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரேடா!"

"நீ உண்மையைச் சொல்லேன்க்கா."

"சொன்னேன். நம்ப மாட்டேங்கறார். கண்ணால பார்த்தாத்தான் நம்புவாராம். முதல்ல அதை மேல ஏத்து!"

கொடிக்காரர் கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். வேலை போனால் போகட்டும். தன் முடிச்சால் அந்த மனிதரின் உயிர் போய்விட்டால், அப்புறம் எந்த முகத்தோடு இந்தக் கயிற்றைத் தொடுவது?

அதற்குள் மேலதிகாரி படியேறி மூச்சுவாங்க வந்து சேர்ந்தார். சட்டையில் கருப்புப் பட்டை குத்தியாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எப்ப ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல சார். கயிறு மாட்டிக்கிச்சு."

மேலதிகாரி கொடியைப் பார்த்தார், சதுக்கத்தைப் பார்த்தார், தன் பட்டையைப் பார்த்தார். "அடப்பாவி" என்றார்.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க சார். நான் மேல ஏறறேன், சொல்லும்போது இழுங்க."

கம்பத்தை ஒட்டி, இடிதாங்கியைச் சரிபார்க்கிறவர்கள் ஏறுகிற இரும்பேணி ஒன்று இருந்தது. கீழே பார்க்காதே, கீழே பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏறினார். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. கப்பியை எட்டியதும் முடிச்சைக் கட்டைவிரலால் அமுக்கினார், நசுக்கினார், நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பல்லால் கடித்து இழுத்து ஒடுக்கினார். நேற்று அவ்வளவு பெருமையாகப் போட்ட முடிச்சு! "உள்ள போய்த் தொலையேன்" என்று கெஞ்சினார். "இழுங்க சார்!"

மேலதிகாரி டையும் கருப்புப் பட்டையுமாகக் கயிற்றில் தொங்கினார். கப்பி கிறீச்சிட்டது. முடிச்சு ஒரு நொடி முரண்டு பிடித்துவிட்டு, வழுக்கிக்கொண்டு அந்தப்பக்கம் போனது. கொடி, ஏணியில் நின்றவரின் முகத்தை உரசிக்கொண்டு ஏறி, உச்சியில் போய் விரிந்தது.

கொடிக்காரர் இறங்கி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கருவூலக் கொடி தயங்கித் தயங்கி ஏறியது. அடுத்து நீதிமன்றம். அருங்காட்சியகம். தூணடியில் காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு துப்பாக்கியை நிமிர்த்தினார்கள். மேலதிகாரி பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. திட்டவே இல்லை.

போன் மறுபடி அடித்தது.

"திரையைத் திறந்துட்டேன்டா" என்றாள் அக்கா. "ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். அப்புறம், 'எனக்குத்தான்னு நெனச்சேன்மா. லீவாவது விட்டாங்களா?'ன்னு கேட்டுட்டு ஒரே சிரிப்பு. இரு, உன்கிட்ட பேசணுமாம்."

கொடிக்காரர் எழுந்து நின்றார். நின்றது அவருக்கே தெரியாது.

"தம்பி." குரல் மெலிந்திருந்தாலும் சிரிப்பு அதில் மிச்சமிருந்தது. "புதுக்கயிறு போட்டு வை. என் முறை வர்றப்ப பாதியில சரியா நிக்கணும்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்குங்கய்யா" என்றார் கொடிக்காரர். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"இருக்கட்டும், இருக்கட்டும். எங்க நிக்கற? கையை ஆட்டு, தெரியுதா பார்க்கறேன்."

அவர் குவிமாடத்தின் விளிம்புக் கம்பியருகே போய், கையை உயர்த்தி ஆட்டினார். சதுக்கத்துக்கு அப்பால், வெயில் பட்டு மினுங்கிய ஜன்னல்களில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அக்காவா, திரையா, பெரியவரின் கையா, இங்கிருந்து தெரியவில்லை. அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை.