இரண்டு மணி பத்து நிமிடம்

கோபன்ஹேகனிலிருந்து எங்கள் ஃபாரோ தீவுகளுக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி பத்து நிமிடம். என் தம்பி ஹானுஸ் இந்தக் கணக்கை வாய் ஓயாமல் சொல்வான். அங்கே போய்ப் பதினெட்டு வருடமாகிறது. இங்கே மூடுபனி என்று ஒன்று இருப்பதே துரைக்கு மறந்துபோய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மருத்துவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, இனி நாள்கணக்குதான் என்றார். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கே கெளம்புடா. வானம் பளிச்சுன்னு இருக்கு."

"வியாழக்கிழமை ஒரு மீட்டிங் இருக்குக்கா. வெள்ளிக்கிழமை வந்துடறேன். ரெண்டு மணி பத்து நிமிஷம்தானே?"

"அது டிக்கெட்ல போட்ட நேரம். பனி எறங்கிச்சுன்னா என்னடா பண்ணுவே?"

"ஆரம்பிச்சுட்டியா? எப்பப் பாரு பயமுறுத்திக்கிட்டு!"

வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பனி இறங்கியிருந்தது. எங்கள் ஊருக்கு மேலே மேட்டில்தான் ஓடுபாதை. அதன் விளக்குகள்கூட ஜன்னலில் தெரியவில்லை. அம்மா மட்டும் காலையிலேயே, "கறிய நறுக்கி வை. வந்ததும் அதத்தான் கேப்பான்" என்றாள். காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறியை மெல்லிசாக நறுக்கித் தட்டில் வைத்தேன். மூன்று நாளாக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவனுக்காகத்தான்.

மத்தியானம் ஒன்றரைக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. நேராகத் தலைக்கு மேலே. ஒரு சுற்று வந்தது, மறுபடியும் ஒன்று. மூன்றாம் முறை அலமாரியில் இருந்த கோப்பைகள் ஆடுகிற அளவுக்குக் கீழே வந்தது. அப்புறம் சத்தம் கிழக்கே போய்த் தேய்ந்துவிட்டது. விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு யாகுப் போன் செய்தான்.

"ரன்வா, பெர்கனுக்குத் திருப்பிட்டாங்க. இன்னைக்கு எறங்க வழியே இல்ல."

பெர்கன் கடலுக்கு அந்தப் பக்கம், நார்வேயில். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"எறங்கிட்டான்மா. வந்துக்கிட்டே இருக்கான்."

அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"போடி இவளே. பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல கெடக்கேன். எறங்குற சத்தம் எது, திரும்பிப் போற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

போர்வையை இழுத்து அவள் தோள்வரை போர்த்திவிட்டேன்.

"தலைக்கு மேல வரைக்கும் வந்துட்டான்ல, போதும். வந்ததும் வராததுமா அவனப் புடிச்சுத் திட்டாத."

சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமையும் பனி விலகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் பளீரென்று அடிக்க, ஹானுஸ் வந்து இறங்கினான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரைக் கடக்க அவனுக்கு இரண்டு நாள். கதவுக்குள் வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல், மேசையில் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். அழவில்லை. சொல்வதற்கென்று இரண்டு நாளாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"திட்டுக்கா," என்றான். "வாயத் தொறந்து திட்டேன்."

"மாட்டேன்டா. உன்னத் திட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

அதற்குத்தான் அவன் அழுதான்.