கடல் சுவருக்கு எங்கள் தெரு உபயம்

இப்போதெல்லாம் பேங்க்குக்குள் நுழைந்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண் முகத்தை நிமிர்த்துவதே இல்லை. "மிஷின்ல போடுங்க" என்கிறாள். மிஷினா என்னைப் பார்த்து "சாப்டியா அம்சா?" என்று கேட்கப் போகிறது? எழுபத்தொன்றில் எங்கள் நெசவுத் தெருவுக்கு பேங்க்கே சைக்கிளில் வந்தது. வந்தவர் ஏஜெண்டு கண்ணாயிரம். பேங்க் மானேஜரை அப்போது ஏஜெண்டு என்றுதான் சொல்வோம். ஐயம்பேட்டை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, எங்களைப் போலவே பேசுவார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி வீட்டுக்கு வீடு நலம் விசாரிப்பார், கொடுத்த மோரைக் குடிப்பார், அதற்கப்புறம்தான் கணக்கு தொடங்கச் சொல்லுவார். அந்தக் காலமே போச்சு, போங்கள்.

சர்க்கார் பேங்க்காக மாறின புதிது அது. டெபாசிட் சேர்த்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் அவரை நெருக்கியிருப்பார்கள். பாவம், எங்கள் தெருப் பெண்களிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

"உங்க காசு எங்ககிட்ட வந்து தூங்காதும்மா," என்றார். "மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஆடாம நிக்கறதுக்குக் கடலுக்குள்ளயே சுவர் கட்டிக்கினு இருக்காங்க. அதுக்கு எங்க பேங்க்கும் கடன் குடுக்குது. அந்தக் கடன் எங்கேர்ந்து வருது? உங்க அரிசிப் பானைலேர்ந்துதான்!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட, வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்கு 'உபயம்' என்று கொடுத்தவர் பேரை எழுதிவிடுவார்கள். கடலுக்குள் சுவர் கட்டக் காசு கொடுத்துவிட்டு நாங்கள் சும்மா இருப்போமா?

"அப்போ எங்க பேரை எந்தப் பக்கம் போடுவீங்க?" என்று கேட்டாள் எதிர்வீட்டு கிருஷ்ணவேணி.

"வட்டி குடுக்கறோமேம்மா, பேரு எதுக்கு?"

"வட்டி உங்க இஷ்டம். உபயம்னா பேரு வேணும். இன்னாப்பா நாயம் இது?"

மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு பூவம்மாள் அக்கா எழுந்து வந்தாள். "என் பேரு வேணாம்பா. உமாபதின்னு போடுவியா? போட்டா, அவன் கல்யாணத்துக்குச் சேத்து வெச்சதை மொத்தமா உன் பேங்க்ல கட்டறேன்."

கிருஷ்ணவேணி என் கையைக் கிள்ளினாள்.

உமாபதி அவளுடைய ஒரே பிள்ளை. புருஷன் போன பிறகு தனி ஆளாக வளர்த்தாள். தறியில் உட்கார மாட்டேன் என்று மெட்ராஸுக்கு ஓடி, சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். பொல்லாத வாய், தங்கமான மனசு. சில வருஷம் கழித்து அவனோடு வேலை பார்த்த கப்பல்காரன் ஒருவன், அவளிடம் நேரே சொல்ல மனசு வராமல், எங்கள் வீட்டுக்கு வந்தான். புயலில் அலை உமாபதியை அடித்துக்கொண்டு போய்விட்டது, உடம்புகூடக் கிடைக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் மயில்வாகனத்திடம் சொல்லிவிட்டுப் போனான். தெரு ஆம்பளைகள் கூடிப் பேசினார்கள். அவளுக்கு நெஞ்சு பலவீனம், சொன்னால் தாங்க மாட்டாள், பிள்ளை கப்பலில் இருக்கிறான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பெரிய நாட்டாமைகள்! அன்றிலிருந்து அவள் எதிரில் கடல் என்கிற வார்த்தையையே நாங்கள் விழுங்கிக்கொண்டிருந்தோம்.

ஏஜெண்டுக்கு இது எதுவும் தெரியாது. "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அவள் பணத்தைக் கட்டிவிட்டாள். அப்புறம் அவர் சைக்கிள் மணி கேட்டால் போதும், வாசலில் நிற்பாள். "எப்போப்பா எழுதறே?" என் வீட்டுக்காரர் சொல்லி விஷயம் தெரிந்த பிறகு, முடியாது என்று சொல்லவும் ஏஜெண்டுக்கு மனசு வரவில்லை. எங்களுக்கோ வேறு பயம். கப்பலிலிருந்து இறங்குகிற பிள்ளை தன் பேரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவான் என்று இவள் காத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

கடைசியில் அவரே துறைமுகத்தில் யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கி, பஸ் பேசி, எங்களை எல்லாம் மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். இன்றைக்கு எந்த பேங்க் செய்யும்? மூங்கில் குடலையில் அவித்த இட்லியும் புளிசாதமும் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் பாட்டும் கேலியுமாகப் போனோம். பூவம்மாள் அக்காகூடச் சிரித்தாள். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

துறைமுகத்தில் ஒரு அறை பெரிசுக்கு சிமெண்ட் கற்களை வார்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தாரால் நம்பர் போட்டிருந்தது. கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தது. "அடேங்கப்பா, இதுக்கா நாம சுவர் கட்டறோம்!" என்று கிருஷ்ணவேணி கடலைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

பேரெல்லாம் எழுத முடியாது என்றார் எஞ்சினியர். நான் விடுவேனா? "எங்க காசுல கட்டற சுவரு. ஒரு பேரு எழுத உங்களுக்கு எங்க நோவுது?" என்று பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, இந்தக் கல்லெல்லாம் தண்ணிக்கு அடியில போகுது. எழுதினாலும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அடியில போற கல்லுதான்பா எனக்கு வேணும்," என்றாள் அவள்.

எஞ்சினியர் ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்டு தார் டப்பாவை வாங்கி, கிரேன் அடுத்துத் தூக்க இருந்த கல்லில், நம்பருக்குக் கீழே 'உமாபதி' என்று எழுதினார். கல் மெதுவாக மேலே போய்க் கடல் பக்கம் திரும்பியது. அது தண்ணீரைத் தொட்டபோது பூவம்மாள் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எள்ளும் அரிசியும் இருந்தன. இரண்டு கையாலும் அள்ளிக் கடலில் போட்டாள்.

செத்தவர்களுக்கு ஒரு கல் ஊன்றி, கருமாதியன்று அதைத் தண்ணீரில் விடுவது எங்கள் வழக்கம். விட்டால்தான் போன உயிர் கரையேறும். உமாபதிக்கு யாரும் கல் ஊன்றவில்லை.

"அக்கா, உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அந்தக் கப்பல்காரன் வந்துட்டுப் போன அன்னிக்கு உங்க வீட்டு அடுப்பு எரியலடி. அப்பவே தெரியும்."

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"எனக்காக நீங்க அவ்ளோ பாடுபட்டு மறைச்சிக்கினு இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்." கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். பிறகு சட்டென்று திரும்பி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்பவாச்சும் அழுங்கடி. என் புள்ளைக்கு இன்னும் ஒருத்தருமே அழலையேடி!"

கிரேன்காரர் எஞ்சினை நிறுத்தினார். நாங்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதோம்.