குறுக்கால நிக்குமாம்

கன்னையா மாமா அப்பாவின் கையைத் தூக்கிப் பிரேமலதாவிடம் நீட்டினார்.

"நாடி புடிச்சுப் பாரு புள்ள. டாக்டருக்குப் படிக்கிற பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு வேற டாக்டரத் தேடுவாங்களா?"

அவளுக்குக் காது சுட்டது. அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனதிலிருந்து தேயிலைத் தோட்டம் முழுக்க இந்தக் கதைதான். கிளப்பிவிட்டவரே அப்பா. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, டாக்டர் என்றுவிட்டார். அவளும் விளக்கியதில்லை. அப்பாவுக்கு எங்கே புரியப்போகிறது என்ற திமிர். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவை அனுப்பிவிட்ட பிறகு, அந்தத் திமிர் அவளைப் பிடுங்கித் தின்றது.

மாமா கடைக்குப் போனதும் பரணிலிருந்து பால்மா டின்னை இறக்கினாள். பெக்டரியில் தேயிலைத் தூளோடு கலக்கும் இரும்புப் பொடியைக் காந்தத்தால் எடுப்பதுதான் முப்பது வருஷமாக அப்பாவின் வேலை. அந்தப் பொடியில் கொஞ்சமும் உடைந்த காந்தத் துண்டொன்றும் டின்னில் இருந்தன. கட்டிலருகே தரையில் காந்தத்தை வைத்து, மேலே தாளை விரித்து, பொடியைத் தூவித் தட்டினாள். பொடி கோடு கோடாக நின்றது.

"வானத்துலயும் தூசி மேகம் மேகமா கெடக்குதுப்பா. அங்கயும் காந்தம் இருக்கு. நட்சத்திர வெளிச்சம் தூசிக்குள்ள பூந்து வரும். அத வச்சு தூசி எந்தப் பக்கம் திரும்பி நிக்குது, காந்தம் எப்புடிப் போகுதுன்னு கண்டுபுடிப்போம். அதான் என் படிப்பு."

அப்பா தலையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தார்.

"இதே மாதிரி காந்தத்தோட போக்குலயா நிக்கும்?"

"இல்லப்பா. அங்க நீளத் தூசி குறுக்கால நிக்கும்."

"அட! அப்ப நம்ம வேலதான் பாக்குற நீ!"

மாமா திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"கன்னையா, இது டாக்டர் இல்ல. வானத்துத் தூசி பாக்குது. அங்க குறுக்கால நிக்குமாம்!"

"வானத்துல தூசியா? யாரு மச்சான் கூட்டுறது?"

"நீதான் போய்க் கூட்டேன்!"

அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. பின்னேரத் தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

பிரேமலதா அடிவயிறு நோக அழுதாள். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை.

மறுநாள் சவப்பெட்டி போனதும் அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினாள். பக்கத்துக் காம்பரா வீடுகளின் பெண்கள் கட்டிலை வெளியே தூக்கினார்கள். ஒருத்தி தரையிலிருந்த பொடித் தாளை எடுக்கக் குனிந்தாள். அம்மா விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினாள்.

வீடெல்லாம் ஈரம். அந்த ஒரு முழம் மட்டும் காய்ந்து கிடந்தது.