நேரில் கேட்ட பிறகே

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அவள் கணவன் ரொட்டி ஆலையில் அடுப்புக்காரன். அவளுக்குக் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கி நாலு மணிக்கு முடியும். அவனுக்கு மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. பதினோரு வருடமாக இப்படித்தான். அவன் வந்து படுக்கும்போது அவள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். ஆலைக்கு ஞாயிறும் வேலைநாள்; அன்று காலையில் மட்டும், அவன் கிளம்புவதற்குள், மூன்று நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அதையும் துணி துவைப்பதும் கடைக்குப் போவதும் தின்றுவிடும்.

அவன் வீட்டுக்குள் நுழைந்ததை அவளுக்கு வாசனைதான் சொல்லும். தூக்கத்தின் நடுவில் எங்கோ ஒரு பெரிய ரொட்டி வெந்துகொண்டிருக்கும். கனவில் அவள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பல நாள் அந்தத் தெருவின் முடிவில் அவன் நின்றுகொண்டிருப்பான். விழித்துப் பார்த்தால் காலை ஐந்தரை.

பார்க்க முடியாத குறையை இருவரும் வாங்கித் தீர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் தனியாகச் சாப்பிடும்போது அவள் போனைத் தடவித் தடவி அவனுக்கு ஏதாவது ஆர்டர் போடுவாள். கழுத்துவலிக்கு அதிரும் தலையணை, கால்வலிக்கு மெத்துமெத்தென்ற செருப்பு, சட்டை, மறுபடியும் சட்டை. அவனோ வேலைக்குக் கிளம்புமுன் கேக்கும் பொரித்த கோழியும் பழச்சாறும் வாங்கிவந்து, குளிர்பெட்டியில் வைத்து, ‘சாப்பிடு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போவான். ஒருத்தி எவ்வளவுதான் சாப்பிடுவாள்? பாதி குப்பைக்குப் போகும். கடையிலிருந்து வீட்டுக்கு அவள் வாடகை காரில்தான் வருவாள். நேரம் மிச்சமாம். மிச்சமான அந்த நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து மறுபடியும் போனைத் தடவுவாள்.

இந்தக் கதையை மாற்றிவிட்டது அவளுடைய நாத்தனார். அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிறவள், பேருந்து ஓட்டுகிறவள். பெரிய வண்டியை ஓட்டி ஓட்டி, எதையும் சத்தமாகச் சொல்லியே பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டு வந்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக அவள் தலையில் விழுந்தன. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

“இது என்ன வீடா, குடோனா?” என்றாள். “அண்ணி, இந்தத் தலையணை யாருக்கு?”

“உங்கண்ணனுக்கு. கழுத்து வலிக்குதுன்னு சொன்னாரு.”

“எப்போ சொன்னான்?”

அவள் யோசித்தாள். “போன வருஷம்னு நெனைக்கிறேன்.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் துவைத்த துணிகளோடு வந்து பேந்தப் பேந்த விழித்தான். “இந்தத் தலையணை எனக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே.”

“தெரியாதுல்ல? அதான் பிரச்சனை,” என்று நாத்தனார் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். “ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. இனிமே எது வாங்குறதா இருந்தாலும் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட நேர்ல கேக்கணும். போன்ல கேக்கக் கூடாது. சீட்டெழுதி ஒட்டக் கூடாது. மூஞ்சியப் பாத்துக் கேட்டு, அவங்க சரின்னா வாங்குங்க. அரிசி பருப்பு, மருந்து மாத்திரைக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரே ஒரு மாசம் செஞ்சு பாருங்க.”

“நாங்க பாத்துக்குறதே அபூர்வம். அப்புறம் எதை வாங்குறது?” என்றான் அண்ணன்.

“அதுவேதான்,” என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியோடு போய்விட்டாள்.

விளையாட்டாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். முதல் வாரம் அவளுக்குக் கை நமநமவென்றது. திங்கட்கிழமை ஒரு மேசைவிளக்கு அவளைக் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மனதில் முடிந்துவைத்தாள். புதன்கிழமைக்குள் அது எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டது. நிறம்கூட நினைவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

காருக்கும் அனுமதி வேண்டும் அல்லவா? அதனால் நடந்தாள். கடையிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். நாளெல்லாம் பிறர் கண்களுக்கான லென்சை ஈரச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துவிட்டு வெளியே வந்தால் எதுவும் ஓரம் மங்கித்தான் தெரியும். அந்த மங்கலோடு நடப்பது நன்றாக இருந்தது. பால்கனியில் ஒருத்தி செடிக்கு ஊற்றும் தண்ணீர் மூன்று மாடி இறங்கி அவள் தோளில் ஒரு சொட்டாக விழுந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நேராக நடந்தால் ஆலையின் பின்பக்கச் சுவர் வந்தது. நீளமான, சன்னல் இல்லாத செங்கல் சுவர். ஓர் இடத்தில் பூனைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஏன் அங்கே மட்டும் என்று சுவரில் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கும் ஒருவரின் முதுகைப் போல.

அடுத்த செவ்வாய்க்கிழமை கெட்டிலின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. காலையில் வெந்நீர் இல்லாமல் எப்படி? ஞாயிறு வரை தாங்காது. போனிலும் கேட்கக் கூடாது. கெட்டிலைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனாள். நாலு நாற்பதுக்கு ஆலையின் சிறிய வாசலில் போய் நின்றாள். அந்த நேரத்தில் அடுப்புக்காரர்களுக்குப் பதினைந்து நிமிடம் ஓய்வு என்று எப்போதோ அவன் சொன்ன ஞாபகம்.

அவன் வெளியே வந்தான். புருவமெல்லாம் மாவு. அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. கெட்டில் உடைஞ்சு போச்சு. புதுசு வாங்கட்டுமா?”

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். பையைப் பிரித்துக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தான். “ஒரு திருகாணிதான் போயிருக்கு. இதுக்குப் போயி புதுசா? உள்ளே தகரத்தட்டுல கழண்டது நெறைய கெடக்கும், இரு.”

போய் எடுத்துவந்து, அங்கேயே ஒரு காசை வைத்துத் திருகி முடுக்கினான். இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

“உன் சட்டைக் கையெல்லாம் வெள்ளையா இருக்கே,” என்றான்.

“லென்ஸ் தூளுங்க. தினமும் இப்படித்தான்.”

“தினமுமா?” அவன் தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மாவும் தூளும் ஒரே மாதிரி இருந்தன. “எனக்குத் தெரியவே தெரியாது. நான் எழுந்திரிக்கும்போது உன் சட்டை கொடியிலதானே தொங்கும்.”

மறுநாள் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமலே போய் நின்றாள். “ஒரு குடை வாங்கலாமான்னு…” என்று இழுத்தாள். மழைக்காலம் வர இன்னும் நாலு மாதம் இருந்தது. “யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்,” என்றான் அவன் ரொம்ப யோசனையாக. அதற்கடுத்த நாள் குடை பற்றி இருவரும் பேசவே இல்லை. கருகிப்போன ஒரு தட்டு ரொட்டியைப் பற்றியும், கடைக்கு வந்த ஒரு கிழவர் புதுக்கண்ணாடி போட்டதும் தன் மனைவியைப் பார்த்து, ‘நீ இவ்ளோ அழகா?’ என்று கேட்டு அடி வாங்கியதைப் பற்றியும் பேசினார்கள். ஒரு மாதம் முடிந்தது. விதியைத் தளர்த்தலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதத்தில்தான் அவள் அதைக் கவனித்தாள். ஒவ்வொரு மாதமும் கையில் ஏறக்குறைய ஒரே அளவு பணம் மீந்தது. எங்கோ பார்த்த தொகை போலிருந்தது. அவனுடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். மதிய ஷிப்டுக்கென்று தனியாகத் தருகிற படியும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. அவன் அம்மாவின் வைத்தியச் செலவுக்காகத்தான் அந்த ஷிப்டுக்கு மாறினான். அம்மா போய் எட்டு வருடம் ஆகிவிட்டது. பிறகும் அந்தப் படி வந்துகொண்டே இருந்தது, தலையணையாகவும் கேக்காகவும் காராகவும் கரைந்துகொண்டே இருந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். அவன் விரல்விட்டு வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஓய்வு முடிந்த மணி அடித்தது. எழுந்தான்.

“அப்போ இத்தனை வருஷமும்…” என்றான். மீதியை மென்று விழுங்கிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் அவன் மேற்பார்வையாளரிடம் கேட்டதில், காலை ஷிப்டில் இடம் இருந்தது. ஆனால் அடுப்பில் இல்லை, பொதி கட்டும் பிரிவில், எட்டிலிருந்து நாலரை வரை. காலை அடுப்புக்கு ஏற்கெனவே ஆள் உண்டு; அவர் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். இதைக் கேட்டதும் அவளுக்குத்தான் முதலில் மனம் மாறியது. அடுப்புக் கதவைத் திறக்காமலே, வாசனையை வைத்து, ரொட்டி வேக இன்னும் இரண்டு நிமிடம் என்று சொல்லுகிறவன் அவன்.

“வேணாங்க,” என்றாள். “அடுப்பை விட்டுட்டு நீங்க பிளாஸ்டிக் பையில ரொட்டி போட்டுக்கிட்டு நிப்பீங்களா? இந்தப் பதினஞ்சு நிமிஷமே போதும் எனக்கு.”

“எனக்குப் போதலையே,” என்றான் அவன்.

அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. சொன்ன பிறகு அவனுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். குனிந்து செருப்பிலிருந்த மாவைத் தட்டினான். “மூணு வருஷம் கழிச்சு அடுப்புக்குப் போய்க்கிறேன். அடுப்பு எங்க போயிடப் போகுது? நீ என்ன சொல்ற? மூஞ்சியப் பாத்துக் கேக்குறேன்.”

அவள் தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டியதால் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் அவனைப் பார்க்க எந்த லென்சும் தேவைப்படவில்லை.

நாத்தனாரிடம் சொன்னபோது, “சம்பளம் கொறையுதுன்னு இவ்ளோ சந்தோஷப்படுற குடும்பத்த நான் இப்பதான் பாக்குறேன்,” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

அடுத்த மாதம் முதல் தேதி அவன் காலை ஷிப்டில் சேர்ந்தான். பொதி கட்டும் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவள் பிறகு தெரிந்துகொண்டாள். கை பழக நாளாயிற்று. அடுப்புப் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அதையெல்லாம் அவன் மறைக்கவில்லை.

ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அடித்தான். கையில் சாவி இருந்தது. திறந்துகொண்டு நுழைய ஏனோ தயக்கமாக இருந்ததாம். அவள் கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்து, கூடத்தின் நடுவில், விருந்தாளியைப் போல நின்றான். மேற்கு சன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து தரையெல்லாம் செம்மஞ்சளாகக் கிடந்தது. நாற்காலியின் நிழல் சுவர்வரை நீண்டிருந்தது. திரைச்சீலை அசைந்தபோதெல்லாம் அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடியது.

“இந்த நேரத்துல நம்ம வீடு இப்படியா இருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“தினமும் இப்படித்தாங்க.”

அவன் கையை நீட்டி அந்த வெளிச்சத்தில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். அவள் அவன் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். படுக்கையறையில் அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூரையில் ஒரு சிறிய வட்டமாக நின்றது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“சமையலறையில?” என்றான்.

“அங்க இன்னும் வரல. கொஞ்சம் பொறுங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்.”

சமையலறைக் கதவில் தோளோடு தோள் சாய்ந்து, அது வருவதற்காக நின்றார்கள்.