அக்காவின் பாட்டைத் திருத்தியவன்

சபைக்குப் பாட்டுப் பதிவு செய்துகொடுக்கிற அவனை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேக்கண்ணன் என்றால்தான் தெரியும். யார் பாடினாலும், எவ்வளவு நன்றாகப் பாடினாலும், ஹெட்போனைக் கழற்றாமலே "இன்னொரு டேக் போலாமா?" என்பான். போதகரையே ஒரே வசனத்தைத் தொண்டை வறள வறள வாசிக்க வைத்தவன். அந்த வாரம் அவர் நீடிய பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

அவனுடைய ஸ்டூடியோ, படுக்கையறையில் பாதி. மேசையில் கணினி, கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். பாடுகிறவர்கள் திறந்து வைத்த துணி அலமாரிக்குள் முகத்தைக் கொடுத்து நிற்க வேண்டும். தொங்குகிற துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பது அவன் வாதம். "ஆண்டவரைப் பாடச் சொல்லிட்டு உங்க சட்டையைப் பார்த்துப் பாட வைக்கிறீங்களே" என்று பாடகர் குழுவின் டீச்சர் அங்கலாய்த்துக்கொண்டேதான் பாடுவார்.

இப்படி ஊரையே படுத்தி எடுத்தவன், சொந்த அக்காவிடம் மட்டும் இன்னொரு டேக் கேட்கவில்லை.

அக்காதான் பாடகர் குழுவின் தலைவி. சபை வெளியிடப்போகும் பாடல் தொகுப்பில் ஒரு மெதுவான பாட்டு. அதில் தனிக்குரல் அவளுடையது. தாளம் தப்பாமல் இருக்க ஹெட்போன் வழியாக அவள் காதுக்குள் டிக் டிக் என்று ஒரு தாள ஒலியை ஓடவிட்டான். "யாரோ காதுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடா" என்று ஒரு பக்க ஹெட்போனை அவள் தள்ளிவிட்டுக்கொண்டாள். 'இரங்கும்' என்ற சொல் வரும்போது அவள் எப்போதும் சுருதிக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, தயங்கி, மெல்ல மேலே ஏறுவாள். அங்கே குழு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும். டிக் டிக் காத்திருக்கவில்லை.

பாடி முடித்ததும் அவளே கேட்டாள்: "சரியா வரல இல்ல? இன்னொரு தடவை பாடட்டுமா?"

"வேணாம்க்கா. நான் பாத்துக்கறேன்."

அக்காவோடு மல்லுக்கட்ட அவனுக்குத் தெம்பில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். எத்தனை முறை பாடினாலும் இவள் இப்படித்தான் பாடுவாள், கணினி சரிசெய்துவிடும் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அவளைவிட அந்தச் சாதனத்தை நம்பினான் என்று சொன்னால் கோபப்படுவான், ஆனால் அதுதான் நடந்தது.

பிறகு 'பார்த்துக்கொண்டான்'. திரையில் அவள் குரல் அலை அலையாகக் கிடந்தது. தாளத்துக்குத் தாளம் நெட்டுக்குத்தாகக் கோடுகள். ஒவ்வொரு சொல்லையும் வெட்டி, இழுத்து, கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். கீழே பிடித்த ஸ்வரங்களை மேலே தூக்கி வைத்தான். தயக்கங்களை மூடினான். மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கீபோர்டு வாசிப்பவர் கேட்டுவிட்டு, "அக்கா இவ்ளோ கரெக்டாவா பாடுவாங்க?" என்றபோது இவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. திருத்திய குரலைப் புதிய கோப்பாக எழுதிவைத்தான். இடம் போதவில்லை என்று கணினி முனகவே, அந்தப் பாட்டில் பயன்படாத ஒலிகளையெல்லாம் அழிக்கும் பொத்தானையும் தட்டினான். பிரதி எடுத்துவைக்கும் ஹார்டு டிஸ்க்கும் அன்றைக்கே கணினியைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இங்கே இல்லாதது அங்கேயும் இல்லாமல் போயிற்று.

தொகுப்பு வெளிவருவதற்குள் அக்காவின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள். சளி இல்லை, குரல்நாணில் கட்டி. அறுவை முடிந்த பிறகு, பேசலாம், இனிமேல் பாட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சபையில் யாரும் அவளைப் பதிவு செய்ததில்லை. வாராவாரம் பாடுகிறவளை யார் பதிவு செய்வார்கள்?

கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, அத்தானோடு ஒரு மத்தியானம் வந்தாள். "அந்தப் பாட்டைக் கேக்கணும்னு நேத்துலேருந்து ஒத்தக்கால்ல நிக்கறா" என்றார் அத்தான்.

தம்பி ஓடவிட்டான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் தலையாட்டினாள்.

"நல்லாருக்கு," என்றாள், காற்றாக வந்த குரலில். "யாரு, டீச்சர் பொண்ணா? சரி, இப்ப என்னோடதைப் போடு."

அத்தான் அவனையே பார்த்தார்.

"இது நீதான்க்கா."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினாள். "திருப்பிப் போடு." அவன் போட்டான். 'இரங்கும்' வந்தது, நேராக, பளிச்சென்று, யாருக்கும் காத்திருக்காமல்.

"நான் அப்படி ஏறமாட்டேனேடா."

"சரி பண்ணேன்க்கா."

"அப்ப சரி பண்றதுக்கு முன்னாடி இருந்ததைப் போடு. தப்பா இருந்தா இருக்கட்டும்."

எல்லாவற்றையும் சொன்னான். வெட்டியது, எழுதிவைத்தது, அழித்தது. அழித்ததை மீட்கிற மென்பொருள்களைப் பற்றியும் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு நம்பிக்கை இல்லை. அரைத்த மாவை அரிசியாக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். "அப்ப நான் எங்கயுமே பாடலையா?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் எழுந்து, மெதுவாக அந்தத் துணி அலமாரியின் கதவைச் சாத்தினார்.

அன்று முதல் அவன் கணினியைக் குடைந்தான். கிடைத்தது டீச்சரின் இருமலும், போதகரின் வசனமும்தான். அக்காவின் அந்த ஒரு டேக்கைத் தவிர ஊரில் எல்லோருடையதும் ஒன்றுக்குப் பத்தாக இருந்தது. பாட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று அக்காவிடம் போய் நின்றான். "வேணாம். மத்தவங்களும் பாடியிருக்காங்கல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார்கள். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. முடிந்ததும் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, கையைப் பிடித்து, "என்னமா பாடியிருக்கீங்க! இனிமே கேக்க முடியாட்டாலும் இது இருக்கே, அது போதும்" என்றார்கள். பெரிய ஒலிப்பலகைக்குப் பின்னால் தம்பி தலை நிமிராமல் நின்றான்.

அக்கா ஒவ்வொருவரையும் பார்த்துப் புன்னகைத்தாள். கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டி அவனைக் காட்டினாள்.

"நான் இல்லீங்க," என்றாள், அந்தக் காற்றுக் குரலில். "பாடினது அவன்."

தன்னடக்கம் என்று நினைத்து எல்லோரும் அவனைப் பார்த்துக் கைதட்டினார்கள்.